ஏணி இல்லாத கூண்டு

காலை ஏழு மணி ஆனதும் சமையலறைச் சுவரிலிருந்த துளிக்குழல் மெல்லச் சிணுங்கியது. மிருதுளா அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். பரிதி செய்தித்திரையை மடக்கிவிட்டு வந்தார். இருவரும் சாப்பாட்டு மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து, அறுபதைத் தாண்டிய கூச்சம் சிறிதும் இல்லாமல் நாக்கை நீட்டினார்கள். அவர் குழலைக் கழற்றி அவள் நாக்கில் ஒரு துளி விட்டார். அவள் அதை வாங்கி அவர் நாக்கில் ஒரு துளி விட்டாள். லேசாகக் கசக்கும். அதற்குப் பிறகு காபி.

துளியைத் தனக்குத்தானே விட்டுக்கொள்ளும் வழக்கம் எந்த வீட்டிலும் கிடையாது. துளி வந்த புதிதில், சோம்பலினால் யாரும் தவறவிடக் கூடாது என்பதற்காகச் சுகாதாரத் துறை செய்த ஏற்பாடு அது. ஒருவருக்கு இன்னொருவர்தான் விட வேண்டும். இருபத்தைந்து வருடத்தில் அது சாமி கும்பிடுவது மாதிரி ஆகிவிட்டது. தனியாக இருப்பவர்கள் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி நாக்கை நீட்டினார்கள். முகம் பார்த்துப் பேசாத மாமியாரும் மருமகளும் அந்த ஒரு நிமிடத்துக்கு மட்டும் சமாதானம் ஆனார்கள். கோயம்புத்தூரில் ஏழு மணிக்கு யாரும் யாரையும் தொலைபேசியில் கூப்பிடுவதில்லை.

எதற்கு இந்தத் துளி என்று சின்னப் பிள்ளைகளைக் கேட்டால், கடுகு தூங்குவதற்கு என்று சொல்லும். அதுதான் உண்மையும். வயது வந்த எல்லோர் உடம்பிலும் எங்கேயாவது இரண்டொரு புற்றுப்பொட்டு இருக்கிறது. கடுகளவு இருக்கும்வரை அது சுற்றுப்புறத்தில் கசிகிற பிராணவாயுவிலேயே காலம் தள்ளிவிடும். அதற்கு மேல் வளர வேண்டுமானால் தனக்கென்று ஒரு குருதிநாளம் வேண்டும். அதனால் அக்கம்பக்கத்து நாளங்களுக்கு ஆளனுப்பிக் கூப்பிடும். அந்தக் கூப்பாடு நாளத்தின் காதில் விழாதபடி பொத்திவிடுகிறது துளியிலுள்ள தடைத்துணுக்கு என்கிற சின்னப் புரதத் துண்டு. நாளம் கிளைவிடாது, கடுகு கடுகாகவே உறங்கும். பிள்ளைகள் வளர வேண்டும் என்பதால் இருபத்தொரு வயதில்தான் துளியேற்பு. பிள்ளை பெறும் பெண்களுக்குத் துளிவிடுப்பு உண்டு, ஏனென்றால் நஞ்சுக்கொடிக்கும் நாளம் வேண்டுமே. மற்றபடி எல்லோருக்கும் தினம் ஒரு துளி. கையில் கத்தி பட்டால் ஆற ஒரு மாதமாகும் என்பதால் சமையலறையில் கையுறை போட்டுக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான் தொல்லை. கல்யாணப் பேச்சில் ஜாதகத்தோடு கடுகுக் கணக்கையும் கேட்டார்கள். மிருதுளாவுக்குக் கணையத்தில் ஒன்று. பரிதிக்குப் பல இடங்களில்.

காபியோடு ஒரு வழக்கம் இருந்தது. ஒரு நாள் அவள் முறை, மறுநாள் அவர் முறை. அவள் முறையில் ஜோயலைப் பற்றிச் சொல்வாள். அவர் முறையில் ஷைலஜாவைப் பற்றிச் சொல்வார். ஜோயல் அவளுடைய முதல் கணவன், ஷைலஜா இவருடைய முதல் மனைவி. துளி வருவதற்குச் சற்று முன்னால், இனி பிழைத்துவிடலாம் என்று எல்லோரும் நம்பத் தொடங்கிய நேரத்தில், பாழாய்ப்போன அந்த நோய்க்கே இருவரும் போய்ச் சேர்ந்தார்கள். மிஞ்சியவர்கள் இருவரும், இறந்தவர்களைப் பற்றிப் பேசக் கூடுகிற நினைவுக்கூடம் ஒன்றில் பார்த்துக்கொண்டு, ஒண்டியாக இருப்பானேன் என்று பதினெட்டு வருடத்துக்கு முன்னால் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். இன்றைக்கும் அவர் அவளை மேடம் என்றுதான் கூப்பிடுகிறார். அவள் அவரை சார் என்கிறாள். சண்டை கிடையாது. நல்ல விடுதியில் பக்கத்து அறைக்காரர்கள் மாதிரி இருந்தார்கள்.

அன்றைக்கு அவள் முறை. ஆய்வகத்து நாட்களைச் சொன்னாள்.

அதைத்தான் அவள் அடிக்கடி சொல்வாள். அவளும் ஜோயலும் இன்னும் இரண்டு மூன்று பேருமாக ஒரு பழைய பஞ்சாலைக் கட்டிடத்தில் கணிப்பொறிகளை வைத்துக்கொண்டு நடத்திய ஆய்வகம் அது. மழை பெய்தால் பொறிகளுக்குக் குடை பிடிக்க வேண்டும். இயற்கையில் இருக்கிற புரதங்களை, விதை, மீன், பாம்பு விஷம், குருத்தெலும்பு என்று எதையும் விடாமல், கணிப்பொறிக்குள்ளேயே துண்டு துண்டாக வெட்டினார்கள். கோடிக்கணக்கான துணுக்குகள். எந்தத் துணுக்கு நாளத்தை வளரவிடாமல் தடுக்கும் என்று பார்க்க ஒரு நிரலுக்குப் பழக்கம் கொடுத்தார்கள். ஏற்கெனவே தெரிந்த தடைத்துணுக்குகளைக் காட்டிக் காட்டி, அவற்றின் முகஜாடையை அதற்குப் படிப்பித்தார்கள். அதற்கு ஜோயல் வைத்த பெயர் சல்லடை. சல்லடை இரவும் பகலும் சலித்தது. இவர்கள் எதிர்க்கடையில் வாழைக்காய் பஜ்ஜி தின்றுகொண்டு காத்திருந்தார்கள்.

கடைசியில் மிஞ்சியது கொள்ளுப் பருப்பின் புரதத்திலிருந்து வந்த ஒரு சின்னத் துணுக்கு. தலைமுறை தலைமுறையாகக் கொள்ளு ரசம் குடித்த ஊரில் இப்படி ஒன்று ஒளிந்திருந்ததை யாரும் கண்டதில்லை. வயிறு அந்தப் புரதத்தை வெட்டுகிற இடம் வேறு, சல்லடை வெட்டிப் பார்த்த இடம் வேறு. திரையில் அது மேலேறி வந்து நின்றபோது ஜோயல் எழுந்து விசிலடித்தான். அந்த விசில் அவளுக்கு இப்போதும் கேட்கும். அதற்கு அடுத்த மாதம்தான் அவன் வயிறு வலிக்கிறது என்றான். கணையம். எலிகளுக்குப் பரிசோதனை முடிந்து, மனிதர்களுக்குப் போகலாம் என்று அனுமதி வருவதற்குள் அவன் போய்விட்டான்.

“அந்த நாள் மாதிரி இனி வராதுங்க மேடம்,” என்றார் பரிதி, எப்போதும்போல.

வராதுதான். எதுவும் வருவதில்லை. வானொலியில் ஓடிய பாட்டு துளி வருவதற்கு முந்தைய வருடத்துப் பாட்டு. தியேட்டர்களில் அந்தக் காலத்துப் படங்களே திரும்பத் திரும்ப ஓடின. புதிய பாட்டுகளை இளவட்டங்கள் போட்டுக்கொண்டேதான் இருந்தார்கள். பெரியவர்கள் மரியாதையாகக் கேட்டுவிட்டு, நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு, மறுபடி பழையதைப் போடச் சொன்னார்கள். அந்த இளவட்டங்களும் துளியேற்பு ஆன பிறகு தங்கள் இருபதாவது வயதுப் பாட்டுகளோடு நின்றுகொண்டார்கள். இருபத்தாறு வயதுப் பையன் ஒருவன் பேருந்தில் நெட்டுயிர்த்துக்கொண்டு, நம்ம காலம் மாதிரி வருமா என்பான். யாருக்கும் அது விநோதமாகப் படவில்லை. வயது ஆக ஆக அப்படித்தான், எந்தக் காலத்து மனிதர்கள்தான் பழசை நினைத்து ஏங்கவில்லை என்று சொல்லி எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள்.

அந்த ஒப்புதலில்தான் விஷயம் இத்தனை வருடம் ஒளிந்திருந்தது.

அதைக் கிளறியவள் நறுமுகை. மிருதுளா ஓய்வு பெற்ற பிறகும் ஆய்வகத்தில் அவளுக்கு ஒரு நாற்காலி போட்டு வைத்திருந்தார்கள். பக்கத்து நாற்காலி நறுமுகையுடையது. மூளைப் படங்களைப் பார்ப்பது அவள் வேலை. பிள்ளை பெற்றுக்கொண்டு துளிவிடுப்பு முடிந்து அந்த வாரம்தான் திரும்பியிருந்தாள். வந்த அன்றே உணவகத்தில் பாட்டை நிறுத்தச் சொல்லித் தகராறு செய்தாள். காது புளித்துப்போகவில்லையா உங்களுக்கு என்று எல்லோரையும் கேட்டாள். பிள்ளை பெற்று வருகிற பெண்கள் கொஞ்ச நாள் இப்படித்தான் சிடுசிடுப்பார்கள், துளி மறுபடி ஏறினால் சரியாகிவிடும் என்று சமையல்காரரே சொல்லிச் சிரித்தார்.

அன்று மாலை அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு மிருதுளாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். விடுப்புக் காலத்தில் பொழுது போகாமல் தன் மூளையையே மாதாமாதம் படம் எடுத்துப் பார்த்திருக்கிறாள். திரையில் காட்டினாள். நினைவு தங்குகிற இடத்தில், விடுப்பின் இரண்டாம் மாதத்திலிருந்து, மயிரிழை போலப் புதுப்புது நாளங்கள் கிளைவிட்டிருந்தன. துளியை மறுபடி தொடங்கிய பிறகு எடுத்த படத்தில் ஒரு கிளைகூடப் புதிதாக இல்லை.

“மூளையில புதுசா ஒண்ணு பதியணும்னா அங்கயும் நாளம் வேணும் போல மேடம். நாம அதையும் சேத்துப் பொத்தி வச்சிருக்கோம்.”

புதியதை மறந்துவிடுகிறோமா என்ன, நேற்று நடந்தது எல்லாம் நினைவிருக்கிறதே என்று மிருதுளா கேட்டாள். தகவல் தங்குகிறது, ஆனால் அது நமக்குள் ஒட்டுவதில்லை என்றாள் நறுமுகை. பிறகு தன் வீட்டுக் கதையைச் சொன்னாள்.

“குழந்தை எனக்கு விடுப்புல பொறந்தா. அதனால எனக்கு அவ உயிர். அவருக்கு அப்படி இல்ல. ஒழுங்கா தூக்கறாரு, குளிக்க வைக்கறாரு, எல்லாம் செய்யறாரு. ஆனா விருந்தாளி வீட்டுப் பிள்ளைய வாங்கற மாதிரி வாங்கறாரு. எங்கப்பாவும் என் தம்பிய அப்படித்தான் தூக்கினாராம். ஊர்ல எல்லா அப்பாவும் அப்படித்தான் இருக்காங்க மேடம், நமக்குத்தான் அது தெரியல.”

மிருதுளா அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் எலிகளைப் பற்றி நினைத்துக்கொண்டு போனாள். துளியால் கேடு உண்டா என்று அன்றைக்கு எவ்வளவு கவனமாகப் பார்த்தார்கள். இதயம், சிறுநீரகம், கண், மூளை ஒன்றையும் விடவில்லை. துளி கொடுத்த எலிகளின் மூளையும் கொடுக்காத எலிகளின் மூளையும் ஒரே மாதிரிதான் இருந்தன. அதில் பொய் இல்லை. ஆனால் அந்த எலிகள் இருந்தது வெறும் கூண்டில். முதலில் கூண்டுகளில் சின்ன ஏணி, சுற்றும் சக்கரம், காகிதக் குழாய் எல்லாம் இருந்தன. ஒவ்வொரு எலியும் ஒவ்வொரு விதமாக விளையாடி, கணக்கு எகிறித் தாவுகிறது என்று அவற்றை எடுத்துவிட்டார்கள். எல்லா ஆய்வகங்களிலும் அதுதான் பழக்கம். சுத்தமான கூண்டு, சுத்தமான கணக்கு. ஜோயல்தான் ஏணிகளை ஒரு சாக்கில் கட்டிக் கொண்டுபோய்ப் பரணில் போட்டான். புதிதாகக் கற்க ஒன்றுமே இல்லாத கூண்டில், துளி குடித்த எலிக்கும் குடிக்காத எலிக்கும் என்ன வித்தியாசம் தெரியும்?

மறுநாளே அவள் கூண்டுகளில் ஏணியும் சக்கரமும் வைக்கச் சொன்னாள். துளி குடிக்காத எலிகள் இரண்டு நாளில் ஏணியைத் தங்கள் வீடாக்கிக்கொண்டன. துளி குடித்தவை ஏறிப் பார்த்தன, இறங்கின, பழைய மூலைக்குப் போய் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு படுத்தன. வாரக்கணக்கில் அப்படித்தான். மாதக் கடைசியில் மூளையைப் பார்த்தபோது நறுமுகை சொன்னது சரிதான் என்று தெரிந்தது.

மிருதுளாவைப் பயமுறுத்தியது அது இல்லை. முடிவைப் பார்த்த மறுநாள் காலையில் அவளுக்கு அதைப் பற்றி ஒன்றுமே தோன்றவில்லை. நினைவிருந்தது. யாரோ எங்கேயோ எழுதிய கட்டுரையைப் படித்த மாதிரி இருந்தது. தன் வாழ்நாள் வேலையே ஊரை ஒரு வெறும் கூண்டாக்கிவிட்டது என்று தெரிந்தும் மனம் துள்ளவில்லை. அதற்குப் பதிலாக, ஏணிகளைச் சாக்கில் கட்டும்போது ஜோயல் போட்டிருந்த நீலச் சட்டை ஞாபகத்துக்கு வந்து, அதையே நினைத்து உட்கார்ந்ததில் காபி ஆறிப்போனது. நறுமுகையைப் பார்த்தாள். துளி மறுபடி ஏறிய சில வாரங்களில் அவளும் அடங்கியிருந்தாள். உணவகத்துப் பாட்டுக்கு மேசையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தாள். படங்களைப் பற்றிக் கேட்டபோது, ஆமாம் மேடம், பார்க்கலாம் மேடம் என்றாள். குழந்தையைப் பற்றிக் கேட்டபோது மட்டும் முகம் மலர்ந்தது.

இதைப் பற்றிக் கவலைப்படுவதற்கே துளியை நிறுத்த வேண்டும் என்று மிருதுளாவுக்கு அப்போதுதான் புரிந்தது.

தெரியாமல் நிறுத்த முடியாது. துளி விடுவது பரிதி ஆயிற்றே. ஒரு காலை, குழல் சிணுங்கியதும் எல்லாவற்றையும் அவரிடம் சொன்னாள். அவர் மின்வாரியத்தில் பொறியாளராக இருந்தவர், எதையும் பொறுமையாகக் கேட்பவர். அவரும் நிறுத்துகிறாரா என்று கேட்டாள். அவர் குழலைக் கையில் உருட்டிக்கொண்டு யோசித்தார்.

“ஷைலு கடைசி மூணு மாசம் எப்படி இருந்தான்னு நான் பாத்தவனுங்க. எனக்கு அந்தத் தைரியம் இல்லீங்க மேடம்.”

பிறகு, நீங்கள் பார்த்துச் செய்யுங்கள் என்று பணிவாகச் சொல்லிவிட்டு, தன் நாக்கை நீட்டினார். அவள் துளி விட்டாள். அவளுடையதை விடாமல் குழலைச் சுவரில் மாட்டினார். தடுக்கவும் இல்லை, கோபிக்கவும் இல்லை. அப்போது அது அவளுக்கு வசதியாகத்தான் இருந்தது.

முதல் மாதம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஒரு நாள் கத்திரிக்காய் நறுக்கும்போது உறை கிழிந்து விரலில் கத்தி பட்டது. அடுத்த வாரம் பார்த்தால் ஆறிப்போயிருந்தது. மாடி வீட்டுக் கல்லூரிப் பெண் பாடிக்கொண்டிருந்த ஏதோ ஒரு பாட்டு, பேர்கூடத் தெரியாத பாட்டு, குளிக்கும்போது இவள் வாயில் வந்தது. அவள் குழாயை மூடிவிட்டு ஈரத் தலையோடு அப்படியே நின்றாள். கால் நூற்றாண்டில் அவளுக்குள் நுழைந்த முதல் பாட்டு.

அதற்குப் பிறகு எல்லாம் வந்து ஒட்டத் தொடங்கியது. தெருமுனையில் எப்போதோ நட்டு மரமாகிவிட்ட சரக்கொன்றை, பக்கத்து வீட்டுக்காரரின் திக்குவாய், தன் கையெழுத்து வயதாகி நடுங்குவது. கூடவே, எதிரில் உட்கார்ந்திருந்த மனிதர்.

பரிதிக்குத் தோசையின் மொறுமொறுப்பான ஓரம் பிடிக்கும். அதைக் கடைசிக்கு என்று ஒதுக்கி வைப்பார். கடைசியில் பேச்சு சுவாரசியத்தில் அதைப் பிய்த்து அவள் தட்டில் வைத்துவிடுவார். தான் அப்படிச் செய்வது அவருக்கே தெரியாது. பதினெட்டு வருடமாக அதை அவள் தின்றுகொண்டிருந்திருக்கிறாள், ருசி தெரியாமல். அவள் இருமினால் நிமிர்ந்து பார்க்காமலே கை நீட்டி மின்விசிறியைக் குறைப்பார். கண்ணாடியைத் தேடும்போது தாலாட்டு மாதிரி ஏதோ முனகுவார். அவள் வெளியே கிளம்பினால், தெரு திரும்பும்வரை வாசல் கதவு சாத்துகிற சத்தம் கேட்காது. இதெல்லாம் கல்யாணமான மறுநாளே பழகியவையா, நேற்று வந்தவையா என்றுகூட அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. ஒரு நாள் அவர் கண்ணாடியைத் தேடி முனகிக்கொண்டு போனபோது, அது அவர் நெற்றியிலேயே இருப்பதைப் பார்த்தும் சொல்லாமல், அந்த முனகலை இன்னும் கொஞ்ச நேரம் கேட்கலாம் என்று சும்மா இருந்தாள். அப்போதுதான் தன் நிலைமை அவளுக்கு விளங்கியது. இந்த வயதில் இது என்ன கூத்து என்று வெட்கமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது.

ஜோயலை மறந்துவிடவில்லை. அவன் இருந்த இடத்தில் இருந்தான். ஆனால் முதல் தடவையாக, அவன் செத்துப்போய் ரொம்ப நாளாகிவிட்டது என்று அவளுக்குத் தோன்றியது.

துளி வந்ததன் வெள்ளி விழாவை ஆய்வகம் கொண்டாடியது. மேடையில் ஐந்து நிமிடம் பேசச் சொன்னார்கள். அவள் அரை மணி நேரம் பேசினாள். பஞ்சாலையில் தொடங்கி, சல்லடை, பஜ்ஜிக் கடை, ஜோயலின் விசில் வழியாக வந்து, ஏணிகளைப் பரணில் போட்டதைச் சொன்னாள். கடுகு உறங்கட்டும், ஆனால் கூடவே நாமும் உறங்கிக்கொண்டிருக்கிறோம் என்றாள். எல்லோரும் சுழற்சி முறையில் வருடத்துக்குச் சில மாதம் துளியை நிறுத்திப் பார்க்கலாம், மூளையைத் தொடாத இன்னொரு துணுக்கைச் சல்லடை தேடலாம், தயவுசெய்து இதை இன்றைக்கே எடுத்துக்கொள்ளுங்கள் என்று கும்பிட்டாள். குரல் உடைந்தது. முன் வரிசையில் நறுமுகை கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அரங்கமே எழுந்து நின்று கை தட்டியது. ஆய்வகத்தின் இயக்குநர் தணிகைமலை மேடைக்கு வந்து அவள் கைகளைப் பற்றிக்கொண்டார். நல்ல மனிதர், தாயை அந்த நோய்க்குப் பறிகொடுத்தவர்.

“அந்தக் கூண்டுக் கதை பிரமாதம் மேடம். நான் சேந்த புதுசுல அந்தச் சாக்கை எத்தனை தடவை பரண்ல பாத்திருக்கேன். பழைய ஞாபகம் எல்லாம் அப்படியே வந்துருச்சு.”

தான் வைத்த கோரிக்கை என்ன ஆயிற்று என்று அவள் கேட்டாள். அதுவும் நன்றாக இருந்தது, கட்டாயம் பேசுவோம் என்றார். மறுநாள் செய்தித்திரையில் அவள் படம் வந்தது. மூத்த விஞ்ஞானி பொற்காலத்தை நினைவுகூர்ந்து அரங்கைக் கண்கலங்க வைத்தார் என்று போட்டிருந்தார்கள். ஏணியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அவர்கள் மறைக்கவில்லை. அது புதிய செய்தி, அதனால் யாருக்கும் ஒட்டவில்லை, அவ்வளவுதான். நறுமுகையிடம் கேட்டபோது, அந்த விசில் கதையில்தான் மேடம் எனக்கு அழுகை வந்தது என்றாள்.

விழா முடிந்த வாரத்தில், உடம்புக்குள்ளே படமெடுக்கிற ஊடுநோக்கியில் படுத்தாள். கணையத்துக் கடுகு கண் விழித்திருந்தது. பக்கத்து நாளத்திலிருந்து நூலிழை மாதிரி ஒரு கிளை அதை நோக்கிப் பாதி தூரம் வந்திருந்தது. மருத்துவர் இளம்பெண், இப்படி ஒன்றைப் பாடத்தில் மட்டும் பார்த்தவள். பதற்றத்தை மறைத்துக்கொண்டு, உடனே துளியைத் தொடங்கினால் அந்தக் கிளை வாடிவிடும், இன்னும் தாமதித்தால் தன்னால் ஒன்றும் சொல்ல முடியாது என்றாள். மிருதுளாவுக்கு அவள் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஜோயலின் கடைசி நாட்களை அவள் பக்கத்தில் இருந்து பார்த்தவள்.

அன்று மாலை முழுக்க அவள் பின்கட்டில் துணி மடித்துக்கொண்டு யோசித்தாள். இதுவரை ஒட்டியது ஒட்டியதுதான், ஜோயல் போகாத மாதிரி இதுவும் போகாது. துளி ஏறினால் இனிமேல் எதுவும் ஒட்டாது. அவளுக்கு இருப்பது இந்தச் சில மாதங்கள்தான். அவற்றை வைத்துக்கொண்டு இன்னும் எத்தனையோ வருடம் உயிரோடு இருக்கலாம். அல்லது துளி இல்லாமல், தினமும் அவரைப் புதிதாகப் பார்த்துக்கொண்டு, கொஞ்ச நாளில் செத்துப்போகலாம். அவள் சாகப் பயந்தாள். அதை ஒளிப்பானேன். அதைவிட, அவள் செத்தால் பரிதி அவளுக்காக ஏங்க மாட்டார், ஷைலஜாவைத்தான் நினைத்துக்கொண்டிருப்பார் என்பதை அவளால் தாங்க முடியவில்லை.

அவரை எப்படியாவது நிறுத்தச் சொல்லி மறுபடி கேட்கலாமா என்று நினைத்தாள். அவர் உடம்பில் பல இடங்களில் கடுகு. கேட்க மனம் வரவில்லை. பிரியம் வருவதற்கு முன்னால் சுலபமாகக் கேட்டதை, பிரியம் வந்த பிறகு கேட்க முடியவில்லை, அன்றைக்கு அவர் மறுத்ததே நல்லதாயிற்று என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை குழல் சிணுங்கியது. இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். தான் இன்றைக்கு மறுபடி துளி எடுத்துக்கொள்ளப்போவதாக அவள் சொன்னாள். சந்தோஷம்ங்க மேடம் என்றார் அவர், மனதாரத்தான்.

“இன்னிக்கு என் முறை. துளிக்கு முன்னாடியே சொல்லிடறேன் சார்.”

அவர் குழலை மேசையில் வைத்துவிட்டுக் கேட்பதற்குத் தயாரானார். அவள் சொன்னாள். பெயர் சொல்லவில்லை. ஒருத்தர் என்றுதான் ஆரம்பித்தாள். அவருக்குத் தோசையின் ஓரம் என்றால் அவ்வளவு ஆசை, ஆனால் அதைக் கடைசிவரை வைத்திருந்து பக்கத்திலிருப்பவளுக்குக் கொடுத்துவிடுவார், கொடுத்தது அவருக்கே தெரியாது. இருமினால் நிமிராமலே மின்விசிறியைக் குறைப்பார். கண்ணாடியைத் தேடும்போது தாலாட்டு முனகுவார். வெளியே போகிறவள் தெரு திரும்பும்வரை கதவைச் சாத்த மாட்டார். இதையெல்லாம் அந்தப் பெண் ரொம்ப நாள் கவனிக்கவே இல்லை, கவனித்தபோது நேரம் கொஞ்சம்தான் மிச்சமிருந்தது என்றாள். சொல்லிக்கொண்டே அவர் முகத்தைப் பார்த்தாள். ஏதாவது ஓர் இடத்தில் அவர் நிமிர்வார் என்று பார்த்தாள்.

பரிதி தலையாட்டிக்கொண்டே கேட்டார். முடிந்ததும் அவர் கண்ணில் நீர் திரையிட்டிருந்தது.

“ஜோயல் சாருக்கு உங்க மேல இவ்வளவு பிரியமுங்களா. இத்தனை நாள்ல இதையெல்லாம் நீங்க சொல்லவே இல்லீங்களே மேடம்.”

அவளுக்குத் திருத்த வேண்டும் போல இருந்தது. திருத்தினால் அவர் ஆச்சரியப்படுவார், கூச்சப்படுவார், நன்றி சொல்வார், நாளைக்குள் அது அவருக்கு ஒரு தகவல் ஆகிவிடும். ஜோயலின் கதையாகக் கேட்டதால்தான் அவர் கண் கலங்கியிருக்கிறது. ஆமாம் சார் என்று மட்டும் சொன்னாள்.

“அப்படி ஒரு மனுஷனோட இருந்தவங்க நீங்க. கொடுத்து வச்சவங்க.”

அவர் குழலை எடுத்தார். அவள் நாக்கை நீட்டினாள். கை நடுங்காமல், சிந்தாமல், ஒரு துளி விட்டார். பழைய கசப்பு. அவள் குழலை வாங்கி அவருக்கு விட்டாள். இறந்துபோனவனுக்காக ஏங்க அவளுக்குப் பழக்கம் உண்டு. தினமும் எதிரில் உட்கார்ந்து நாக்கை நீட்டப்போகிறவருக்காக இனி எத்தனை வருடம் ஏங்க வேண்டும் என்று நினைத்தபோது கண்ணைக் கரித்தது.

எழுந்து தோசை வார்த்துக் கொண்டுவந்து வைத்தாள். வானொலியில் பழைய பாட்டு ஓடியது. பரிதி நடுப்பகுதியைத் தின்றுவிட்டு, மொறுமொறுப்பான ஓரத்தை ஒதுக்கி வைத்தார். பிறகு அதைப் பிய்த்து, பார்க்காமலே அவள் தட்டில் வைத்துவிட்டு, “ஷைலு ஒரு தடவை என்ன செஞ்சா தெரியுங்களா மேடம்,” என்று ஆரம்பித்தார்.